ரீல் பழுதுபார்க்கும் சிறு கடைக்கு எந்த உதிரிபாகங்களை வாங்கி வைப்பது?

கேள்வி: முத்துநகர் தூண்டில்காரன்

அனைவருக்கும் வணக்கம். தூத்துக்குடியில் எங்கள் வீட்டின் முன்னறையில் தூண்டில் ரீல்களைப் பழுதுபார்க்கும் சிறு கடையை எட்டு மாதங்களாக நடத்தி வருகிறேன். அதற்கு முன்பு 15 ஆண்டுகள் தையல் இயந்திரங்களைப் பழுதுபார்த்தவன் ஆதலால், கியரும் ஸ்பிரிங்கும் எனக்குப் புதியவை அல்ல. தூண்டில் வளைவுகளில் (கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளில்) நின்று வீசுகிறவர்கள், ஃபைபர் படகில் பாறை மீனுக்குப் போகிறவர்கள், குளத்தில் விரால் பிடிக்கிறவர்கள் என மூன்று வகையினரும் வருகிறார்கள். ஷிமானோ, டாய்வா, பென், அபு கார்சியா ஆகியவற்றோடு பெயர் தெரியாத மலிவு ரீல்களும் வருகின்றன.

வேலை தெரிகிறது, பாகம்தான் கையில் இல்லை. இப்போது மூன்று ரீல்கள் ஐந்து வாரங்களாக அலமாரியில் காத்திருக்கின்றன. தொடக்கத்தில் இணையத்தில் ஒருவரிடம் பல அளவுகள் கலந்த பேரிங் பெட்டி ஒன்றை வாங்கினேன். அதில் பாதி அளவுகள் இதுவரை எந்த ரீலிலும் பொருந்தவில்லை. துருப்பிடிக்காதவை என்று சொல்லி விற்கப்பட்ட மீதியும் இரண்டு மாதத்திற்குள் துருவேறி, வாடிக்கையாளரின் கையிலேயே கரகரத்தன. காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து வாங்கியிருக்க வேண்டும் என்று பிறகு ஒருவர் சொன்னார்.

உதிரிபாகங்களுக்கென்று 30,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். முதலில் எதை வாங்குவது, எதை வாங்கவே கூடாது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: பழவேற்காட்டுக் கொடுவா

தம்பி, காந்த யோசனையை முதலில் மறந்துவிடுங்கள். நல்ல பேரிங்குகளில் பயன்படும் 440சி என்ற துருவெதிர்ப்பு எஃகிலும் காந்தம் ஒட்டும். சாதாரண குரோம் எஃகிலும் ஒட்டும். ஆகவே காந்தத்தால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. பேரிங்கின் எண்ணுக்கு முன்னால் துருவெதிர்ப்பைக் குறிக்கும் 'எஸ்' என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒன்றிரண்டை எண்ணெய் நீக்கிக் கழுவி, கடல்நீரில் நனைத்த துணியில் ஓர் இரவு சுற்றி வைத்துப் பார்த்துவிட்டு மொத்தமாக வாங்குங்கள். 440சி கூட உப்பில் என்றைக்கும் துருப்பிடிக்காதது அன்று, தாமதமாகப் பிடிப்பது என்பதையும் வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இருப்பைப் பிராண்டு வாரியாகப் பிரிக்காமல் அளவு வாரியாகப் பிரியுங்கள் என்பதே என் முக்கியமான ஆலோசனை. ரீலுக்குள் இருக்கும் பாகங்களில் சில, எந்த நிறுவனம் செய்திருந்தாலும் பொது அளவில் இருப்பவை. மற்றவை அந்த ஒரு மாடலைத் தவிர வேறெதிலும் நுழையாதவை. பணத்தை முதல் வகையில் மட்டும் போடுங்கள்.

பொது அளவில் முதலிடம் பேரிங்குகளுக்குத்தான். லைன் ரோலரிலும் (நூல் ஓடும் சிறு உருளை) கைப்பிடிக் குமிழிலும் 4×7×2.5 மில்லிமீட்டர் அளவு (உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்ற வரிசையில்) திரும்பத் திரும்ப வரும். சில ரோலர்களில் 5×8×2.5 வரும். வீசும்போது ஸ்பூலே (நூல் சுற்றிய உருளை) சுழலும் பெய்ட்காஸ்டர் வகை ரீலில், அந்த ஸ்பூலுக்கு 3×10×4 மிகப் பழகிய அளவு. 5×11×4 அளவும் தேவைப்படும். பெரிய கியரின் இருபுறமும் 7 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்டவை அடிக்கடி வரும். இதில்தான் ஏமாறுவோம். 687 என்ற ஒரே எண்ணில், மூடியில்லாத பேரிங்கின் தடிமன் 3.5, இருபுறமும் தகடு மூடியதன் தடிமன் 5 மில்லிமீட்டர். உள்விட்டத்தையும் வெளிவிட்டத்தையும் மட்டும் அளந்து வாங்கியவர் வீட்டுக்கு வந்து பொருத்தும்போது மூடி மூடாது. மூன்று அளவையும் டிஜிட்டல் வெர்னியரில் அளந்து எழுதிக்கொள்ளாமல் ஒரு பேரிங்கைக்கூட வாங்காதீர்கள்.

எவ்வளவு வாங்குவது என்றால், 4×7×2.5 அளவில் ஐம்பதும் மற்றவற்றில் அளவுக்குப் பத்தும் போதும். மீன்நூல் சுமந்து வரும் உப்புநீர் நேராக லைன் ரோலரின்மேல்தான் வழிகிறது. அதனால் ரீலில் வேறு எந்தப் பேரிங்கும் கெடுவதற்கு முன்பே அது கெடும். ரோலருக்கு ரப்பர் மூடியுள்ளதை வாங்குங்கள். வீசும்போது சுழலும் ஸ்பூலுக்கு உராய்வு குறைந்த தகடு மூடியே ஏற்றது. சென்னைக்கு வரும்போது பாரிமுனையைச் சுற்றிய தெருக்களில் பேரிங் கடைகளில் எண்ணைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அலிஎக்ஸ்பிரஸ் என்ற சீன இணையக்கடை 2020 நவம்பரில் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட பிறகு, அங்கிருந்து சில்லறையாக வரவழைத்துக்கொண்டிருந்த என்னைப் போன்றவர்களுக்கு இந்தக் கடைகளே கைகொடுத்தன.

அடுத்தது டிராக் வாஷர், அதாவது மீன் நூலை இழுக்கும்போது உராய்ந்து தடை தரும் வட்டு. கார்பன் இழைத் தகடாக வாங்கி வைத்தால் உள்வட்டம், வெளிவட்டம், தடிமன் பார்த்து நாமே வெட்டிக்கொள்ளலாம். ஃபெல்ட் வாஷர் உள்ள சிறிய ரீல்களுக்குக் கனமான ஃபெல்ட் துணி ஒரு துண்டு போதும். டிராக்கை இறுக்கியபடியே மாதக்கணக்கில் வைப்பவர்களின் ரீலில் ஃபெல்ட் அப்பளம்போல் அமுங்கியிருக்கும்.

பிறகு சில்லறைச் சாமான்கள்: 2, 2.5, 3 மில்லிமீட்டர் துருவெதிர்ப்பு ஸ்க்ரூக்கள், ஆங்கில 'E' வடிவ லாக்குகள், 0.1 மில்லிமீட்டரிலிருந்து தொடங்கும், இடைவெளியை நிரப்பும் ஷிம் வாஷர்கள். இவற்றின் விலை அற்பம். ஆனால் ஒரு லாக் தெறித்து அறையின் மூலையில் ஒளிந்துகொண்டால் அன்றைய வேலை முழுவதும் நின்றுவிடும். அலுமினிய, மக்னீசிய உடலில் எஃகு ஸ்க்ரூ உப்பேறி இறுகிவிடும் என்பதால், கழற்றும்போது தலை நசுங்குவது வழக்கம். ஜப்பானிய ரீல்களின் ஸ்க்ரூத் தலைகள் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவில் இருப்பவை. நம் சாதாரண நட்சத்திர ஸ்க்ரூடிரைவர் அதில் சரியாக உட்காராது. உங்கள் 30,000 ரூபாயில் முதல் செலவு பாகமாக இல்லாமல் ஜேஐஎஸ் ஸ்க்ரூடிரைவர் ஜோடியாக இருக்கட்டும்.

பெரிய கியர், அதோடு இணையும் சிறு கியரான பினியன், சுழலி (ரோட்டர்) ஆகியவற்றை ஒருபோதும் இருப்பில் வைக்காதீர்கள். கியர் தேய்ந்தால் பெரும்பாலும் பினியனையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அந்த ஜோடி வேறு எதற்கும் உதவாது.

பதில் 2: கிள்ளான் கரையோரம்

நான் மலேசியாவில் போர்ட் கிள்ளான் அருகே இருபது ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறேன். பழவேற்காட்டு நண்பர் சொன்ன அளவு வாரியான இருப்பை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் மாடலுக்குரிய பாகம் எதையும் வைக்கவே கூடாது என்று யாரும் பொருள்கொண்டுவிடக் கூடாது. எனக்குப் பாகங்கள் விரைவாகவே கிடைக்கின்றன. அதனால் நான் எதையும் வாங்கி வைப்பதில்லை. உங்கள் ஊரில் ஐந்து வாரம் ஆகிறது என்றால் என் வழக்கம் உங்களுக்குப் பொருந்தாது.

பெயில் ஸ்பிரிங்கை (நூலை ஸ்பூலுக்கு வழிநடத்தும் கம்பி வளையத்தைத் திறந்து மூட உதவும் ஸ்பிரிங்) எடுத்துக்கொள்ளுங்கள். அது மிகச் சிறியது, விலை குறைந்தது, ஒடிந்தால் ரீல் முழுவதும் பயனற்றது. அதே நேரத்தில் மாடலுக்கு மாடல் வளைவு வேறுபடுவதால் பொது அளவு என்று ஒன்று கிடையாது. உங்கள் கடைக்கு மீண்டும் மீண்டும் வரும் நான்கைந்து மாடல்களுக்கு மட்டும் பெயில் ஸ்பிரிங் மூன்று, லைன் ரோலர் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். பெய்ட்காஸ்டரில் நூலை இடவலமாகப் பரப்பும் புழு அச்சின் பள்ளத்தில் ஓடும் 'பால்' (pawl) என்ற சிறு பற்றுமுனையும் அப்படிப்பட்டதே. அச்சு தேயாமல் தான் தேயும்படி செய்யப்பட்ட பாகம் அது. தேய்ந்ததை மாற்றாமல் ஓட்டினால் விலையுயர்ந்த அச்சும் சேர்ந்து போய்விடும்.

பாகம் கேட்கும்போது ரீலின் பெயரை மட்டும் சொல்லி ஏமாறாதீர்கள். ஷிமானோவின் ஸ்ட்ராடிக் 4000 என்று சொன்னால் போதாது. 2019இல் வந்த எஃப்எல்லும் 2023இல் வந்த எஃப்எம்மும் பெயரிலும் அளவிலும் ஒன்றாக இருந்தாலும் பாகப் பட்டியல் வேறு. பழைய அபு அம்பாசடர்களில் ரீலின் காலடியில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். காலடியைப் படமெடுத்து வைத்துக்கொள்வது என் கடையில் பெயர் எழுதுவதற்கும் முந்திய வேலை.

இன்னொன்று: கைப்பிடி பின்னோக்கிச் சுழல்கிறது என்று வரும் ரீல்களுக்கு ஒன்வே பேரிங்கை (ஒரே பக்கம் மட்டும் சுழலவிடும் பேரிங்) உடனே மாற்றிவிடாதீர்கள். அன்போடு கிரீஸை அள்ளி அப்பியவர் யாராவது வீட்டில் இருப்பார். அதைக் கழுவி, மெல்லிய எண்ணெய் ஒரு துளி விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பதில் 3: நாஞ்சில் வீச்சு

இருப்பைவிட முன்பணம் முக்கியம் ஐயா. மாடலுக்குரிய பாகத்தை வரவழைக்கும்போது அதன் முழு விலையையும் முன்பே வாங்கிவிடுங்கள். இல்லையெனில் பாகம் வந்த பிறகு, புது ரீல் வாங்கிவிட்டேன் என்று சொல்லிப் போய்விடுவார்கள். மலிவு ரீல்களுக்குப் பாகமே கிடைப்பதில்லை. அவற்றில் உடைந்துபோனவற்றைச் சொற்ப விலைக்கு வாங்கி, கழற்றாமல் முழுதாக வைத்திருங்கள். கழற்றிப் பெட்டியில் போட்டால் எந்த ஸ்பிரிங் எதனுடையது என்பது ஆறு மாதத்தில் உங்களுக்கே தெரியாது.

கேள்வி கேட்டவர்: முத்துநகர் தூண்டில்காரன்

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு உட்கார்ந்து மூன்று மாத ரசீதுகளைப் பிரித்துப் பார்த்தேன். லைன் ரோலர் பேரிங்தான் எல்லாவற்றிலும் அதிகம். அதற்கடுத்து இறுகிய ஸ்க்ரூ. அதற்கும் கீழே பெயில் ஸ்பிரிங். கியர் மாற்றியது இரண்டே முறை. நான் கியர் ஜோடிகள் வாங்குவதற்காக ஒருவரிடம் விலை பேசிக்கொண்டிருந்தேன்; அதை நிறுத்திவிட்டேன். கைப்பிடி பின்னோக்கிச் சுழன்ற ரீல் ஒன்று அலமாரியில் இருந்தது. கழுவி எண்ணெய் விட்டதும் வேலை செய்கிறது. ஐந்து வாரம் அதற்காகப் பேரிங் தேடிக்கொண்டிருந்தேன் என்பதை அந்த வாடிக்கையாளரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஒரு சிறு ஐயம். காத்திருக்கும் மற்றொரு ரீல், மேக்சீல்ட் லைன் ரோலர் உள்ள டாய்வா. அந்த பேரிங்கையும் பெட்ரோலில் கழுவலாமா?

பதில் 4: பழவேற்காட்டுக் கொடுவா

கழுவாதீர்கள். அதில் நீரைத் தடுப்பது ரப்பர் அன்று. காந்தத்தால் பிடித்து வைக்கப்பட்டிருக்கும் எண்ணெய். பெட்ரோலோ கரைப்பானோ பட்டால் அந்த எண்ணெய் போய்விடும், நாம் மீண்டும் நிரப்ப முடியாது. சுழற்சி நன்றாக இருந்தால் வெளியே ஈரத்துணியால் துடைத்துத் தொடாமல் விடுங்கள். கரகரத்தால், நிறுவனத்தின் பேரிங்கை வரவழைப்பதா, அதே அளவில் ரப்பர் மூடியுள்ள சாதாரண பேரிங்கைப் போட்டு அடிக்கடி எண்ணெய் விடுவதா என்பதை உரிமையாளரே முடிவு செய்யட்டும். அவர் சொன்னதை ரசீதிலும் எழுதி வையுங்கள்.