டெல்லிக் குளிரில் குட்டியானை கிளம்ப மறுத்தால்: உங்கள் அனுபவம் என்ன?

மயூர் விஹார் டிபன்காரர்:

மார்கழி பிறந்தால் எங்கள் தெருவில் விடியற்காலை இரண்டு சத்தம் கேட்கும். ஒன்று திருப்பாவை, இன்னொன்று என் வண்டியின் செல்ஃப். ஆறு மணிக்குள் பொங்கலும் சாம்பாரும் நொய்டா கேன்டீன்களுக்குப் போயாக வேண்டும். வண்டி இரண்டு சிலிண்டர் டீசல் குட்டியானை, அதாவது டாடா ஏஸ் மினி லாரி. டெல்லியில் டீசல் வண்டிக்கு ஆயுள் பத்து வயதுதான் என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட கணக்கை நெருங்கிக்கொண்டிருக்கிறது. அதனால் புதுச் சாமானாக வாங்கிக் கொட்ட மனசில்லை.

யாரைக் கேட்டாலும் "பேட்டரியை மாத்துங்க சார்" என்பார்கள். பர்ஸை எடுப்பதற்கு முன் சைலன்சரைப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும், இன்னொருவர் பின்னால் நிற்கட்டும். இன்ஜின் வேகமாகச் சுற்றுகிறது, வெள்ளைப் புகையும் வருகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் டீசல் உள்ளே போகிறது, பற்றுவதற்குச் சூடுதான் போதவில்லை. புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை. இன்ஜின் சுற்றவே திணறினால் மட்டும் பேட்டரி, டெர்மினல், எர்த் ஒயர் பக்கம் போங்கள்.

என் வண்டி வெள்ளைப் புகை கட்சி. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும்போது எழும் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். ஐந்து டிகிரியில் கிடந்த இரும்பு அந்தச் சூட்டைக் குடித்துவிடும். பிஸ்டன் ரிங் தேய்ந்த பழைய இன்ஜினில் அழுத்தமும் கசியும். இதைச் சரிக்கட்டத்தான் செல்ஃப் அடிக்கும் முன் உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக், சிலிண்டருக்கு ஒன்று. மீட்டரில் சுருள் விளக்கு எரிந்து அணைகிறதே என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பல வண்டிகளில் அது டைமர் கணக்குக்கு எரிவது. பிளக் செத்துப்போனாலும் ஒழுங்காக எரிந்து அணையும். பிளக்கின் ஒயரைக் கழற்றி, டெஸ்ட் லேம்பின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, மறு முனையால் பிளக் தலையைத் தொட்டால் பல்பு எரிய வேண்டும். எனக்கு ஒன்றில் எரிந்தது, மற்றதில் இல்லை. இரண்டே சிலிண்டர் உள்ள வண்டியில் அது பாதி இன்ஜின்!

வண்டிச் சாமான் சந்தையான கஷ்மீரி கேட்டில் ஜோடியாக வாங்கி மாட்டினேன். ஒன்று போதுமே என்றார் மெக்கானிக். அடுத்தது போகும்போது இருட்டில் மறுபடி கழற்றப்போவது அவர் இல்லையே.

இப்போது சாவியை ஆன் வைத்து விளக்கு அணையும் வரை பொறுப்பேன். ஆஃப் செய்து இன்னொரு தடவை சூடேற்றுவேன். அப்புறம்தான் செல்ஃப், அதுவும் பத்து விநாடிக்கு மேல் அடிப்பதில்லை. பிடிக்காவிட்டால் அரை நிமிஷம் விட்டு மறுபடி.

ஓக்லா லோடு:

அண்ணா, எங்களுடையது புகையே வராத கேஸ். பகலில் தொட்டதும் கிளம்பும், ராத்திரி நிறுத்தினால் காலையில் அடம். டீசலைக் கையால் ஏற்றும் ஹேண்ட் பம்பை அமுக்கினால் மட்டும் பிடிக்கும். டேங்கிலிருந்து ஃபில்டருக்கு வரும் ஹோஸில் மயிரிழை வெடிப்பு. குளிரில் ரப்பர் விறைத்துச் சுருங்கவே கிளிப்பும் லூஸ். அந்த வழியாகக் காற்று புகுந்து, டீசல் டேங்குக்கே இறங்கிவிட்டிருக்கிறது. ஹோஸையும் கிளிப்பையும் மாற்றியதோடு சரி.

ஆசாத்பூர் மண்டி:

சிம்லா பக்கம் போகிறவர்கள் டீசலையும் கவனியுங்கள். டீசலில் மெழுகு உண்டு. பனிக்காலத் தேங்காய் எண்ணெய் மாதிரி உறைந்து ஃபில்டரை அடைக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் தரப்படி டீசல் ஃபில்டரை அடைக்கத் தொடங்கும் வெப்பநிலை குளிர்காலத்தில் 6 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, மற்ற மாதங்களில் 18 டிகிரி வரை விடுவார்கள். தீபாவளிக்கு முன்னால் கேனில் பிடித்து வைத்த டீசலை ஜனவரியில் ஊற்றிக்கொண்டு மலை ஏறினால் வழியில் நிற்க வேண்டியதுதான். லடாக்குக்கென்றே இந்தியன் ஆயில் 2019-ல் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசல் கொண்டுவந்தது. நமக்கு அதெல்லாம் வேண்டாம், போகிற வழியில் அம்பாலா தாண்டிப் புதிதாக நிரப்பினால் போதும்.

முனிர்கா:

ஏர் ஃபில்டரில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடித்தால் ஒரே அடியில் கிளம்பும் என்கிறார்களே?

மயூர் விஹார் டிபன்காரர்:

ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் வேண்டவே வேண்டாம் தம்பி. அதில் இருப்பது சட்டென்று பற்றும் ஈதர். சூட்டில் சிவந்த பிளக்கில் பட்டால் நேரம் தப்பி வெடித்து பிஸ்டனையே உடைக்கும். முதலில் நாளைக் காலையில் புகை வருகிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்லுங்கள்.