வீடு விற்கும்போது புரோக்கர்களோடு நடந்தது: கொங்குப் பக்கத்து அனுபவங்கள்

கோபி

கோபிசெட்டிபாளையத்தில் அப்பா கட்டிய வீடு. ஆறு சென்ட், முன்னால் ஓட்டுத் தாழ்வாரம், பின்னால் பிற்பாடு எடுத்த தார்சுக் கட்டடம். அம்மா எங்களோடு கோவைக்கு வந்துவிட்டதால் விற்றுவிடலாம் என்று முடிவு செய்தோம். விஷயம் டீக்கடை வரை போனதுமே புரோக்கர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

அதில் ஒருவர் வீட்டைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, "உங்க கைக்கு எவ்வளவு வரோணும்னு மட்டும் சொல்லுங்க. மேல எவ்வளவு வெச்சு விக்கறனோ அது என்ர பாடு. கமிசனே வேண்டாமுங்க" என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். சொந்தக்காரர்களில் பாதிப்பேர் இப்படித்தான் விற்றிருக்கிறார்கள். நாங்கள் முப்பத்தி நாலு லட்சம் என்றோம், ஆனால் கமிஷன் முறையில்தான் என்றும் சொன்னோம். அவர் தலையாட்டினார்.

பிறகு பார்ட்டி வரும்போதெல்லாம் ஒரே நிபந்தனை: "நீங்க ரேட்டு மட்டும் பேசிறாதீங்க, நான் பேசிக்கறேன்." ஒரு நாள் சத்தியமங்கலத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. ஆண்கள் வெளியே கிணற்றடியில் அளந்துகொண்டிருந்தார்கள். அம்மா அந்தப் பெண்ணுக்கு மோர் கொடுத்தார். டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டே அவர், "முப்பத்தெட்டுன்னு சொல்றாங்க, கொஞ்சம் கொறச்சுக் குடுங்கம்மா, பொண்ணு படிப்பும் இருக்குது" என்றார். அம்மா என்னைப் பார்த்தார். நாங்கள் முப்பத்தெட்டு என்று யாரிடமும் சொன்னதே இல்லை.

சத்தம் போடவில்லை. பெரியப்பாவை வரவழைத்து, வாங்குபவர், புரோக்கர், நாங்கள் எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்தோம். எங்கள் விலை இது, நீங்கள் கேட்ட விலை அது என்று இரண்டையும் வெளியே வைத்துப் பேசினோம். முப்பத்தைந்தரைக்கு முடிந்தது. புரோக்கருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சதவீதம். முதலில் முகம் சுருங்கினாலும், பத்திர ஆபீஸ் வரை கூடவே வந்து வேலையை முடித்துக் கொடுத்தார். பார்ட்டியைக் கொண்டுவந்தவர் அவர்தானே, அந்த உழைப்புக்குக் கொடுப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. விற்பவரும் வாங்குபவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து விலை பேசாத வியாபாரத்துக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

ஈரோடு

அண்ணா, நீங்கள் சொன்னது ஒரு வகை. எங்களுக்கு நடந்தது அக்ரிமென்ட் வழியாக. பெருந்துறை ரோட்டுப் பக்கம் மாமனார் வீடு. புரோக்கரே "நானே வாங்கிக்கறேன்" என்று வந்தார். ஐம்பதாயிரம் அட்வான்ஸ், ஆறு மாதக் கெடு. பத்திர எழுத்தர் தயார் செய்த நகலை என் கணவர் வரிக்கு வரி படித்தார். நடுவில் ஓர் இடத்தில் "தங்கள் பெயருக்கோ அல்லது தாங்கள் குறிப்பிடும் நபர் பெயருக்கோ கிரயம் செய்து கொடுக்கச் சம்மதிக்கிறோம்" என்று இருந்தது.

அந்த வரிதான் முழு வியாபாரமும். கையில் ஐம்பதாயிரத்தைப் போட்டுவிட்டு ஆறு மாதம் நம் வீட்டை ஊர் முழுக்க விலை கூவலாம். ஆள் கிடைத்தால் மேல் பணம் அவருக்கு. கிடைக்காவிட்டால் "இன்னும் கொஞ்சம் டைம் குடுங்க". அதுவரை நாம் வேறு யாருக்கும் விற்க முடியாது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்தால், சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றில் அது ஏறிவிடும். அப்புறம் இரண்டு பேரும் போய் ரத்துப் பத்திரம் எழுதிக் கொடுத்தால்தான் அடுத்து வாங்க வருபவர் நம்பிப் பணம் போடுவார். ரத்துக்குக் கையெழுத்துப் போட ஒரு தொகை கேட்பவர்களும் இருக்கிறார்கள், எங்கள் தெருவிலேயே ஒரு குடும்பம் கொடுத்திருக்கிறது.

நாங்கள் அந்த வரியை எடுக்கச் சொன்னோம், கெடுவை இரண்டு மாதமாக்கச் சொன்னோம், அட்வான்ஸைப் பத்து சதவீதமாக்கச் சொன்னோம். மறுநாளிலிருந்து அவர் போனை எடுக்கவில்லை. சரி, அதுவே பதில் என்று விட்டுவிட்டோம். பிறகு பக்கத்து வீட்டுக்காரரின் தம்பியே வாங்கிக்கொண்டார்.

பொள்ளாச்சி

எல்லோரும் ஒரே மாதிரி இல்லைங்க. எனக்கு வாய்த்த புரோக்கர் வயதானவர், முன்பு மாட்டுச் சந்தையில் தரகு பார்த்தவர். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை சொன்ன ஆள், வீட்டு விஷயத்தில் எல்லாவற்றையும் திறந்தே பேசினார்.

அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, வீடு அது. பட்டா மாமா பேரில் மட்டும் இருந்தது. வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டாவையும் மூலப்பத்திரத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். "அப்புச்சிக்குப் பொண்ணுங்க எத்தன பேரு சாமி?" இரண்டு பேர், என் அம்மாவும் பெரியம்மாவும். "உயில் இருக்குதா?" இல்லை. "அப்ப அவங்க ரெண்டு பேரும் தங்க பங்க விட்டுக்குடுத்து விடுதலை எழுதிக் குடுத்தாத்தான் நான் பார்ட்டியக் கூட்டியாருவேன். இல்லைன்னா அட்வான்ஸ் வாங்கினதுக்கப்புறம் உங்க குடும்பத்துக்குள்ள சண்டை வந்துரும்."

இந்துக் குடும்பத்தில், உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மகள்களுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு என்பது மாமாவுக்குத் தெரியும். ஆனால் சீர் செய்ததோடு அந்தப் பங்கு தீர்ந்தது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் ஒரு தொகை பேசி, வாரிசுச் சான்றிதழ் வாங்கி, விடுதலைப் பத்திரம் பதிவாகி முடிய நாள் ஆனது. புரோக்கர் அவசரப்படுத்தவே இல்லை. தாலுகா ஆபீசில் எங்களோடு நின்றார். மாமா அவருக்கு இரண்டு சதவீதம் கொடுத்து, வேட்டி துண்டும் வைத்துக் கொடுத்தார். என்னைக் கேட்டால் அவர் செய்த வேலைக்கு அது குறைவுதான்.

திருப்பூர்

என் பிரச்சினை வேறு. ஒரே பார்ட்டியை மூன்று புரோக்கர்கள் கூட்டி வந்ததாகச் சொல்லி, கிரயத்தன்று மூன்று பேரும் ஆபீஸ் வாசலில் நின்றார்கள். வாங்கியவரைக் கேட்டேன். ஒருவர் இணையத்தில் போட்டோ அனுப்பியிருக்கிறார், இன்னொருவர் தெருவைக் காட்டியிருக்கிறார், மூன்றாமவர்தான் வீட்டுக்குள் கூட்டி வந்தார். யார் எந்தத் தேதியில் யாரைக் கூட்டி வந்தார் என்று ஒரு நோட்டில் எழுதி, வந்தவரிடம் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்ததால் பேச்சு அங்கேயே நின்றது. உள்ளே கூட்டி வந்தவருக்கே கமிஷன் என்று முதலிலேயே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, ஆடி மாதம். "ஆடியில யாரும் வாங்க மாட்டாங்க, இந்த விலைக்கே விட்டுருங்க" என்று ஆனிக் கடைசியில் நெருக்குவார்கள். ஆவணியில் அதே ஆட்கள் வருவார்கள். தெற்கு வாசல், தெருக்குத்து என்று வாஸ்து சொல்லிக் குறைப்பதும் அப்படித்தான். வாங்குபவர் உண்மையிலேயே வாஸ்து பார்த்தால் அவர் வாயால் சொல்லட்டும்.

கோவை

ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். பணம் விஷயத்தில் புரோக்கர் சொல்வதைக் கேட்டுச் சிக்கியவர்களைத் தினமும் பார்ப்பதால் இதை எழுதுகிறேன். "கைடுலைன் விலைக்குப் பத்திரம், மீதி ரொக்கமா வாங்கிக்கலாம்" என்பார்கள். கைடுலைன் என்பது அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு. பதிவுச் செலவு 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும், அதை மிச்சம் பிடிப்பது வாங்குபவர். ஆனால் வீடு விற்பவர் அட்வான்ஸோ மீதியோ இருபதாயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம் வரலாம். அது உங்கள் தலையில்தான் விழும். மிச்சம் அவருக்கு, ஆபத்து நமக்கு.

விலை ஐம்பது லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் வாங்குபவர் ஒரு சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும், அது உங்கள் பான் கணக்கில் வந்துவிட்டதா என்று பாருங்கள். அப்புறம், புரோக்கர் கமிஷனை வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரிக்காக மூலதன ஆதாயம், அதாவது விற்ற லாபம், கணக்கிடும்போது விற்பனைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். ரசீது தர மாட்டேன் என்பவரிடம் வீட்டை ஏன் கொடுக்க வேண்டும்?

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் புரோக்கர் மேல் புகார் செய்யலாமா என்று என்னிடம் சிலர் கேட்டிருக்கிறார்கள். ரெரா சட்டப்படி ஏஜென்ட் பதிவு செய்ய வேண்டியது, பதிவான மனைப்பிரிவு, அடுக்குமாடித் திட்டங்களை விற்றுக் கொடுப்பதற்கு. அப்பா கட்டிய தனி வீட்டை விற்றுக் கொடுப்பவருக்கு அது பொருந்தாது. அதனால் கமிஷன் எவ்வளவு, எப்போது என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வதுதான் பாதுகாப்பு.

தாராபுரம்

வணக்கமுங்க. வரும் தையில் எங்கள் வீட்டைக் கொடுக்கலாம் என்றிருக்கிறோம். நான் பெங்களூரில். புரோக்கர் ஒருவர், "நீங்க அலைய வேண்டாம், எனக்கு ஒரு பவர் எழுதிக் குடுத்துட்டு ஒரிஜினல் பத்திரத்தையும் குடுத்துருங்க, எல்லாம் முடிச்சுட்டு அக்கவுண்டுல போட்டுடறேன்" என்கிறார். ஊரில் நல்ல பேர்தான். என்ன செய்யலாம்?

கோபி

தம்பி, பவர் கொடுக்காதீர்கள். விற்கும் அதிகாரத்தோடு பவர் பதிவாகிவிட்டால் அவர் கையெழுத்து உங்கள் கையெழுத்துதான். என்ன விலைக்கு, யாருக்கு என்பதெல்லாம் அவர் முடிவு. ஊரில் பேர் நல்லதாக இருந்தாலும் இதற்கு அவசியமே இல்லை. அக்ரிமென்டுக்கு ஒரு நாள், கிரயத்துக்கு ஒரு நாள் நீங்கள் வந்தால் போதும். நடுவில் வீட்டைத் திறந்து காட்ட மட்டும் ஊரில் இருக்கும் சொந்தக்காரர் யாரிடமாவது சாவி இருக்கட்டும்.

ஒரிஜினலை யாரிடமும் கொடுக்க வேண்டாம். நகல் கொடுங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே "பார்வைக்கு மட்டும்" என்று எழுதி, தேதியும் யாருக்குக் கொடுத்தது என்பதும் போட்டுவிடுங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறைத் தளத்தில் நீங்களே எடுக்கலாம். இப்போது ஒன்று, கிரயத்துக்கு முன்னால் ஒன்று எடுத்துப் பாருங்கள். அக்கா தங்கை இருந்தால் பொள்ளாச்சிக்காரர் சொன்னதை இந்த வாரமே பேசிவிடுங்கள், தைக்கு இன்னும் நாள் இருக்கிறது.