கறுப்பு வண்டியில் சிலந்தி வலை: பாலிஷர் வாங்கலாமா, அப்படியே விடலாமா?

கறுப்புசெடான்
நான்கு வருடமான கறுப்பு வண்டி. நிழலில் பார்த்தால் குறை தெரியாது. ராத்திரி பெட்ரோல் பங்க் விளக்கடியில் நின்றால் போதும், போனட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள். அபார்ட்மென்டில் தினமும் வண்டி துடைக்கிறவர் வட்டம் வட்டமாகத் துடைப்பதால்தான் இப்படி என்கிறார் மனைவி. டிரைவர் பக்கக் கதவில் யாரோ சாவியால் இழுத்த கீறல் வேறு. ஒரு டி.ஏ. பாலிஷர் (பெயின்டைத் தேய்த்து மினுக்கும் மெஷின்) வாங்கி நானே போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். போட்டுப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

பட்டறை அண்ணாச்சி
வேண்டாம் தம்பி. பாலிஷ் போட்டதும் கோடு போய்விட்டது என்கிறார்களே, எங்கே போனது? அதை யாரும் நிரப்பவில்லை. கோடு எவ்வளவு ஆழமோ, அந்த மட்டத்துக்குச் சுற்றியிருக்கும் க்ளியரை, அதாவது கலருக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சை, தேய்த்து இறக்குகிறோம். கம்பெனி பெயின்டில் க்ளியர் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர்). ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை ரப்பிங் (கரகரப்பான பாலிஷ்) போட்டுக்கொண்டிருந்த ஒரு வண்டி எங்கள் பட்டறைக்கு வந்தது. கூரையிலும் போனட் விளிம்பிலும் க்ளியர் செதில் செதிலாக உரிந்து கிடந்தது. அப்புறம் என்ன பாலிஷ்? பெயின்ட்தான் அடித்தோம்.

ஞாயிறு பாலிஷ்
அண்ணாச்சி, அது ரோட்டரி மெஷினும் கம்பளி பேடும் செய்த வேலை. ரோட்டரி ஒரே அச்சில் சுற்றும், ஒரே இடத்தில் நின்றால் சூடு ஏறும், கை பழகாதவன் பிடித்தால் எரித்துவிடுவான். எரிக்காவிட்டாலும் வெயிலில் மேகம் மாதிரி ஹோலோகிராம் நிற்கும். டி.ஏ. சுற்றிக்கொண்டே ஊசலாடும். அழுத்தினால் பேட் சுற்றுவதே நின்றுவிடும். மென்மையான ஃபோம் பேடில் ஃபினிஷிங் பாலிஷ் ஒரு சுற்றுக்குப் போவது ஓரிரண்டு மைக்ரான்தான்.

செடான் சார், வீட்டுச் சண்டைக்கு ஒரு தீர்ப்பு: கோடுகள் வட்டமாகவே இல்லை. எல்லாத் திசையிலும் நேர்க்கோடாகத்தான் கிடக்கின்றன. விளக்கைச் சுற்றி வட்டமாக அமைந்தவை மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன. செல்போன் டார்ச்சை போனட் மேல் நகர்த்துங்கள், வலையும் கூடவே நகரும்.

பட்டறை அண்ணாச்சி
ஓரிரண்டு மைக்ரான் என்பதை எதை வைத்து அளந்தீர்கள்? பெயின்ட் கனம் அளக்கும் கேஜ் வைத்தால் பிரைமர், கலர், க்ளியர் மூன்றும் சேர்ந்த மொத்தக் கணக்குதான் வரும். அதில் க்ளியர் எவ்வளவு மிச்சம் என்று அது சொல்லாது. பம்பர் பிளாஸ்டிக், அதில் சாதாரண கேஜ் ஒன்றுமே காட்டாது. கதவு மடிப்பிலும் விளிம்பிலும் பெயின்ட் இயல்பாகவே மெலிசு. பழைய வண்டி வாங்கியவர் என்றால் எந்த பேனல் ரீபெயின்ட் என்பதும் தெரியாது.

ஞாயிறு பாலிஷ்
விளிம்பு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். என் முதல் வண்டியின் சைடு மிரர் மூடியை நானே எரித்தேன். அதற்குப் பிறகு மடிப்புக்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டாமல் மெஷினைத் தொடுவதில்லை. ஆனால் விளிம்பு மெலிசு என்பதற்காக நடுவே இருக்கும் பரப்பையும் தொடாதே என்பது சரியா?

இரண்டு வாளி
இரண்டு பேரும் மெஷினையே சுற்றி வருகிறீர்கள். வலை எதனால் வந்தது? உலர்ந்த புழுதி மேல் உலர்ந்த துணி. அது துடைப்பது இல்லை, மணல்தாள் தேய்ப்பது. ஞாயிற்றுக்கிழமை பாலிஷ் போட்டுவிட்டுத் திங்கள் காலை அதே துணி வந்தால், நீங்கள் செலவழித்த க்ளியர் வீண். முதலில் தண்ணீர் அடித்துப் புழுதியை இறக்குங்கள். ஒரு வாளியில் ஷாம்பு, ஒரு வாளியில் வெறும் தண்ணீர், ஒவ்வொரு பேனலுக்கும் கையுறையை அலசுங்கள். போர் தண்ணீர் என்றால் வெயிலில் காயவிடாதீர்கள், உப்புக்கறை வட்டமாகப் பிடித்துவிடும். ஆறு மாதம் இப்படிக் கழுவுங்கள், பாலிஷ் ஆசை தானாகப் போய்விடும்.

ஞாயிறு பாலிஷ்
கழுவுவது சரி, அதனால் புதுக் கோடு குறையும். பழைய கோடு எப்படிப் போகும்? வாட்டர் சர்வீஸில் போட்டுத் தருகிற மினுமினுப்பை நம்பி ஏமாறுவதும் இதில்தான். பல இடங்களில் எண்ணெய்ப்பசை கோட்டுக்குள் உட்கார்ந்து மறைக்கும், நாலு கழுவலில் வலை திரும்ப வரும். எதைப் போட்டாலும் தண்ணீர் கலந்த ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் பாருங்கள், உண்மை தெரியும்.

செடான் சார், முழு வண்டியையும் எடுக்காதீர்கள். கழுவி, க்ளே பார் (ஒட்டியிருக்கும் அழுக்கை எடுக்கும் களிமண் கட்டி) போட்டு, டிக்கி மேல் இரண்டடி சதுரம் மட்டும். பட்டாணி அளவில் நாலு சொட்டு, நத்தை வேகம், குறுக்கும் நெடுக்குமாக நாலு தடவை. முதலில் மென்மையான பேட், மென்மையான பாலிஷ். அதிலேயே போனால் கனமானதைத் தேடாதீர்கள். சாவிக் கீறலில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் பாலிஷுக்கு அது அடங்காது.

கறுப்புசெடான்
(அடுத்த வாரம்) நண்பரிடம் மெஷின் இரவல் வாங்கி டிக்கியில் மட்டும் போட்டேன். துடைத்துவிட்டு டார்ச் அடித்தால், டேப்புக்கு இந்தப் பக்கம் வலை, அந்தப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் மாதிரிக் கறுப்பு. ஆழமான இரண்டு கோடு மட்டும் நிற்கிறது. சாவிக் கீறலில் நகம் மாட்டியது, அதை விட்டுவிட்டேன்.

பட்டறை அண்ணாச்சி
அந்த இரண்டு கோட்டையும் விட்டுவிடுங்கள் தம்பி. அதைத் துரத்திப் போகும்போதுதான் க்ளியர் காலியாகும். கதவுக்கு வேண்டுமானால் டச்சப் பெயின்ட் வையுங்கள். போனட்டுக்கு ஒரே ஒரு சுற்று, அதுவும் மடிப்பில் டேப் ஒட்டி. அதற்குமேல் நான் தடுக்கவில்லை.

இரண்டு வாளி
துணி என்ன ஆயிற்று?

கறுப்புசெடான்
இனிமேல் உலர் துணி வேண்டாம், வாரம் ஒருமுறை நானே கழுவிக்கொள்கிறேன், மாதச் சம்பளம் குறையாது என்று வண்டி துடைக்கிறவரிடம் சொன்னேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். "துடைக்காம இருக்கிறதுக்கா சார் சம்பளம்?" என்று கேட்டுவிட்டு டயரைக் கழுவ ஆரம்பித்தார்.