அமெரிக்கச் சமவெளியின் ரயில் சிற்றூர்கள்: எப்படித் தோன்றின, ஏன் தேய்ந்தன?

நெடுவழி (கேள்வி):
நெப்ராஸ்கா மாநில வரைபடத்தில், லிங்கன் நகருக்குத் தென்மேற்கே தொடங்கும் பர்லிங்டன் ரயில் நிறுவனத்தின் பாதையில் கிரீட், டார்செஸ்டர், எக்ஸிட்டர், ஃபேர்மாண்ட், கிராஃப்டன், ஹார்வர்ட் என ஊர்ப்பெயர்கள் ஆங்கில அகரவரிசையிலேயே அடுத்தடுத்து வருகின்றன. இடைவெளிகளும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கின்றன. மக்கள் குடியேறிய ஊர்களுக்கு ரயில் வந்ததா, ரயிலுக்காக ஊர்கள் உண்டாக்கப்பட்டனவா? இத்தகைய பல சிற்றூர்கள் பின்னர் சுருங்கிப்போனதற்கு என்ன காரணம்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

கைகாட்டி:
பெரும்பாலும் ரயில்தான் முதலில் வந்தது. 1862ஆம் ஆண்டின் பசிபிக் ரயில் சட்டமும் 1864ஆம் ஆண்டின் திருத்தமும், பாதையின் இருபுறமும் ஒன்றுவிட்டு ஒன்றாகச் சதுர மைல் நிலத் துண்டுகளை ரயில் நிறுவனங்களுக்கு வழங்கின. அந்த நிலத்தை வாங்க உழவர்கள் வர வேண்டும். வந்தவர்கள் விளைவித்த தானியத்தைக் குதிரை வண்டியில் கொண்டுவந்து சேர்த்துவிட்டு அன்றே வீடு திரும்பும் தொலைவில் ஒரு நிலையம் இருக்க வேண்டும். நீராவி எஞ்சினுக்கும் சில மைல்களுக்கு ஒருமுறை தண்ணீர் தேவைப்பட்டது. இந்தக் கணக்குகளை வைத்துத்தான் நிறுவனமோ அதன் துணை அமைப்போ இடத்தைத் தேர்ந்து, தெருக்களை அளந்து, மனைகளை விற்றது. பெயர் சூட்டும் வேலையும் அவர்களுடையதே என்பதால்தான் அந்த அகரவரிசை. அங்கே வாழப்போகிறவர்களை யாரும் கேட்கவில்லை.

ஊரின் நடுவில் நிலையமும், தண்ணீர்த் தொட்டியும், தானியச் சேமிப்புக் கோபுரமும் நின்றன. தந்தியையும் கையாண்ட நிலைய முகவர், சில மைல் தண்டவாளத்தைப் பராமரித்த மேஸ்திரி, அவருக்குக் கீழிருந்த கூலியாட்கள் ஆகியோரின் குடும்பங்களே பல இடங்களில் முதல் குடிகள். தந்தி வழியே விலை நிலவரமும் வெளியுலகச் செய்தியும் முகவரிடம்தான் முதலில் வந்து சேர்ந்தன என்பதால், ஊரில் அவருக்கு இருந்த மதிப்பு பதவியைவிடப் பெரியது.

பழையபாதை:
கைகாட்டி ஐயா சொன்னவற்றோடு உடன்படுகிறேன். தேய்வுக்கு டீசல் எஞ்சினே காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. 1940களிலும் 1950களிலும் டீசல் பரவியபோது தண்ணீர்த் தொட்டி தேவையற்றுப்போனது சரிதான். ஆனால் அதற்கு முன்பே லாரியும் நல்ல சாலையும் உழவரைப் பெரிய ஊர்ச் சந்தைக்குக் கொண்டுசென்றுவிட்டன. அமெரிக்க ரயில் பாதையின் மொத்த நீளம் ஏறத்தாழ 2,54,000 மைலாக உச்சம் தொட்டது 1916இலேயே என்பதை மறந்துவிடக் கூடாது.

முழுதும் மறைந்த ஊருக்கு யூட்டாவின் பிரமான்ட்ரி நல்ல எடுத்துக்காட்டு. 1869 மே 10 அன்று கண்டம் கடந்த பாதை இணைந்த இடம் அது. 1904இல் பெரிய உப்பு ஏரியின் குறுக்கே லூசின் குறுக்குப்பாதை திறந்ததும் முதன்மைப் போக்குவரத்து அதை விட்டு விலகியது. 1942இல் போருக்கான இரும்புக்காகத் தண்டவாளத்தையே பெயர்த்தெடுத்தார்கள். அத்தனை புகழும் அந்த ஊரைக் காக்கவில்லை.

நெடுவழி:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் டீசலால் நேரடியாக அடிபட்ட ஊர்களே இல்லையா?

கைகாட்டி:
உண்டு. ஏறத்தாழ நூறு மைலுக்கு ஒன்றாக, எஞ்சினும் பணியாளரும் மாறும் நிலையங்கள் இருந்தன. அங்கே எஞ்சின் கொட்டகை, பழுதுபார்க்கும் பட்டறை, நிலக்கரி ஏற்றும் மேடை என்று ஏராளமானோர் வேலை பார்த்தனர். டீசல் எஞ்சின் நிற்காமல் நெடுந்தொலைவு ஓடியதால் அந்த வேலைகள் சில ஆண்டுகளிலேயே போயின. தானியத்தை நம்பிய சிற்றூர் மெல்லத் தேய்ந்தது. பட்டறையை நம்பிய ஊருக்கோ அந்த அவகாசம் கிடைக்கவில்லை. அஞ்சல் வருவாயை நம்பி எஞ்சியிருந்த பயணிகள் வண்டிகளையும், 1967இல் அஞ்சல் துறை ரயில் அஞ்சலைப் பெருமளவு விலக்கிக்கொண்டது முடக்கியது. ரயில் நிறுவனங்கள் மீதான அரசுக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய 1980இன் ஸ்டாகர்ஸ் சட்டத்திற்குப் பிறகு இலாபமில்லாத கிளைப் பாதைகளைக் கைவிடுவதும் எளிதாயிற்று.