மூணு ஏக்கர் இல்லாதவன் பள்ளிக்கூடம் நடத்தக் கூடாதா?

கோப்புக்கட்டு:
நேத்து இன்னொரு இழையில வைகைக்கரை எழுதினதைப் படிச்சதுல இருந்து மனசு ஆறல. அவர் எழுதினதை அப்படியே போடுறேன்: "மூணு ஏக்கர் நிலம் வாங்க வக்கில்லாதவன் எல்லாம் பள்ளிக்கூடம்னு போர்டு மாட்டுறான். அங்கீகாரம் இல்லாத சின்னப் பள்ளி அத்தனைக்கும் ஒரே நாள்ல பூட்டு போடணும்." அதுக்கு நாப்பது லைக்.

14 வருஷமா சின்னப் பள்ளிகளுக்கு அங்கீகாரக் கோப்பு தயார் பண்ணிக் குடுக்குறேன். அறக்கட்டளைப் பத்திரம், நிலப் பத்திரம் இல்லன்னா பதிவு பண்ணின குத்தகை, வில்லங்கம், வரைபட அனுமதி, இன்ஜினியர் கையெழுத்துப் போட்ட கட்டட உறுதிச் சான்று, தாசில்தார் குடுக்கற கட்டட உரிமம், அதான் படிவம் 'டி', தீயணைப்பு, சுகாதாரம், டீச்சர்களோட சான்றிதழ் நகல். ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆபீஸ், ஒவ்வொண்ணுக்கும் ஒரு காலாவதி தேதி. தீயணைப்புச் சான்றை வருஷா வருஷம் புதுப்பிக்கணும். கடைசிச் சான்று கைக்கு வர்றப்ப முதல்ல வாங்கினது செத்துப்போயிருக்கும். இதுல ஓடி ஓடிக் களைச்சுப்போனவங்களைத்தான் நீங்க வக்கில்லாதவன்னு சொல்றீங்க.

மூணு ஏக்கர் எங்க சார் இருக்கு? கிராமத்துல ஊருக்குள்ள ஒரே துண்டா மூணு ஏக்கர் காட்டுங்க பாப்போம்.

வைகைக்கரை:
காட்டுறேன். எங்க ஊர்லயே இருக்கு. மூணு ஏக்கர் என் ஆசைக்குச் சொன்னது இல்ல. பள்ளிகளைப் பத்தி ஆராய அரசு போட்ட சிட்டிபாபு குழு சொல்லி, 2004ல அரசாணையா வந்த அளவு. மாநகராட்சியில 6 கிரவுண்டு, மாவட்டத் தலைநகர்ல 8, நகராட்சியில 10, பேரூராட்சியில 1 ஏக்கர், கிராம ஊராட்சியில 3 ஏக்கர். 14 வருஷமா கோப்பு கட்டுறவருக்கு இது தெரியாதா, இல்ல தெரியாத மாதிரி நடிக்கிறாரா?

கோப்புக்கட்டு:
தெரியும். அதனாலதான் கேக்குறேன். ஏன் மூணு ஏக்கர்?

அளவுநாடா:
கணக்கு மட்டும் சொல்லிடறேன். 6 கிரவுண்டு 14,400 சதுர அடி. 3 ஏக்கர் 1,30,680 சதுர அடி. ஒம்போது மடங்கு. கிராமத்துப் புள்ளை பட்டணத்துப் புள்ளையை விட ஒம்போது மடங்கு ஓடுமா?

வைகைக்கரை:
கிராமத்துல நிலம் சல்லிசு. அதனால கூடக் கேக்குறாங்க. சின்னப் புள்ளைக்கும் புரியும்.

கோப்புக்கட்டு:
சல்லிசா இருக்கறது வயக்காடு. வயலை வாங்கிப் பள்ளிக்கூடம் கட்ட நில உபயோக மாற்றம் வாங்கணும், அது தனிக் கோப்பு. ரோட்டோரமா, தண்ணி தேங்காத இடமா, பட்டா தகராறு இல்லாம, அண்ணன் தம்பி பாகம் பிரியாம மூணு ஏக்கர். நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. ஏன் மூணு ஏக்கர்?

மூணாங்கிளாஸ் டீச்சர்:
ஒரு சந்தேகம். நீங்க ரெண்டு பேரும் நர்சரி பிரைமரியைப் பத்திப் பேசுறீங்களா, மெட்ரிக்கைப் பத்தியா? வைகைக்கரை சார் சொல்ற அளவு மெட்ரிக் பள்ளிக்கு வந்ததுதானே? அஞ்சாவது வரைக்கும் நடக்கற சின்னப் பள்ளிக்கும் அதேவா? முதல்ல "சின்னப் பள்ளி"ன்னா எதுன்னு சொல்லிட்டுச் சண்டை போட்டா எங்களுக்கும் விளங்கும்.

வைகைக்கரை:
பள்ளின்னா பள்ளிதான் மேடம். மூணு ஏக்கர்னா மூணு ஏக்கர்தான்.

குடந்தைக்காரன்:
ஏக்கரு கிரவுண்டுன்னு என்னென்னமோ பேசுறீங்க. எங்க பக்கம் இந்த மூணு ஏக்கரை ஒம்போது மாம்போம். நான் சொல்ல வந்தது வேற. 2004 ஜூலை 16. அன்னிக்கு நான் கும்பகோணத்துல இருந்தேன். பள்ளிக்கூடம் எரிஞ்சு 94 புள்ளைங்க செத்துச்சுங்க. சமையக்கட்டுக் கூரையில பத்தின தீ வகுப்புக் கீத்துக்குத் தாவுச்சு. ஒரே கட்டடத்துக்குள்ள மூணு பள்ளிக்கூடம் நடந்துச்சு. ஒல்லியான மாடிப்படி. ஆஸ்பத்திரி வாசல்ல செருப்பையும் பையையும் வச்சு அடையாளம் தேடினவங்களை நான் கண்ணால பார்த்தேன். விதி தொல்லையா இருக்குன்னு எவனாவது சொன்னா எனக்குக் கை நடுங்குது.

கோப்புக்கட்டு:
அண்ணே, உங்க வேதனையில நான் ஒரு வார்த்தை குறைச்சுப் பேசல. ஆனா அங்க எரிஞ்சதுல ஒண்ணு அரசு உதவி பெறும் பள்ளி. அங்கீகாரம் இருந்த பள்ளி. காகிதம் இருந்துச்சு, கூரை கீத்தாவே இருந்துச்சு. வழக்குல கல்வித்துறை அதிகாரிங்களும் கூண்டுல நின்னாங்க. 2014ல தஞ்சாவூர் கோர்ட்டு பத்துப் பேருக்குத் தண்டனை குடுத்துச்சு, 11 பேரை விடுவிச்சது. மூணு ஏக்கர் அந்தப் புள்ளைங்களைக் காப்பாத்தியிருக்காது. அகலமான படியும், வெளிப்பக்கமாத் திறக்கற கதவும், ஓடு போட்ட சமையக்கட்டும் காப்பாத்தியிருக்கும்.

குடந்தைக்காரன்:
அதை நீங்க சொல்லாதீங்க. செத்தது எங்க ஊருப் புள்ளைங்க.

பழைய கண்காணிப்பாளர்:
கல்வி அலுவலகத்தில் 31 ஆண்டுகள் பணி செய்து ஓய்வு பெற்றவன். சட்டம் என்ன சொல்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 18. அங்கீகாரச் சான்று இல்லாமல் பள்ளி நடத்தினால் 1 லட்சம் வரை அபராதம், தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்கு 10,000 வரை. அதே சட்டத்தின் அட்டவணை கேட்பது எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற கட்டடம், ஆண் பெண் குழந்தைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், விளையாட்டுத் திடல், சுற்றுச்சுவர் அல்லது வேலி, நூலகம். தொடக்க வகுப்பில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். ஏக்கர் கணக்கு அந்த அட்டவணையில் இல்லை.

கோப்புக்கட்டு:
கேட்டுக்குங்க வைகைக்கரை. 31 வருஷம் ஆபீஸ்ல இருந்தவரே சொல்றார், அட்டவணையில ஏக்கர் இல்ல.

பழைய கண்காணிப்பாளர்:
தம்பி, நான் உங்கள் பக்கம் பேசவில்லை. ஏக்கர் மாநில அரசாணையில் இருக்கிறது, அதுவும் செல்லும். போன வருடம் வேறொரு இழையில் "ஆபீஸ்காரன் எல்லாம் கவருக்காகக் கோப்பை அமுக்குகிறான்" என்று எழுதியவர் நீங்கள்தான். நான் மறக்கவில்லை. என் மேசையில் ஒரு கோப்பும் 15 நாளுக்கு மேல் தூங்கியதில்லை.

கோப்புக்கட்டு:
உங்க மேசையைச் சொல்லல ஐயா. ஆனா எழுதினதைத் திரும்ப எடுக்கவும் மாட்டேன். ஒரு பள்ளியோட கோப்பு, "பக்க எண் போடவில்லை"ன்னு ஒரே ஒரு வரி எழுதித் திரும்பி வந்துச்சு. போட்டுக் குடுத்தேன். அடுத்த தடவை "எண் பென்சிலில் உள்ளது"ன்னு திரும்பி வந்துச்சு. அதுக்குள்ள சுகாதாரச் சான்று காலாவதி.

ரெண்டு புள்ளைங்க அப்பா:
எல்லாரும் தாளாளர் கஷ்டத்தையே பேசுறீங்க. என் கஷ்டத்தைக் கேளுங்க. பெரியவன் வீட்டுக்குப் பக்கத்துல ஒரு சின்னப் பள்ளியில அஞ்சாவது வரைக்கும் படிச்சான். "அங்கீகாரம் வந்துட்டே இருக்கு"ன்னு அஞ்சு வருஷம் சொன்னாங்க. கடைசியில கையில குடுத்த டிசியில நாங்க வாசப்படியே மிதிக்காத வேற ஒரு பள்ளியோட ரப்பர் ஸ்டாம்பு. என் புள்ளை அஞ்சு வருஷமா அந்தப் பள்ளியில படிக்கிறதா எமிஸ்ல, அதான் அரசோட ஆன்லைன் மாணவர் பதிவேட்டுல, பதிவு. வகுப்பு டீச்சர் பேருன்னு இருந்தவங்களை அவன் பார்த்ததே இல்ல. இந்த மாதிரி ஆளுங்களுக்கா கோப்பு கட்டிக் குடுக்குறீங்க?

வைகைக்கரை:
இதைத்தான் நான் சொன்னேன். மூணு ஏக்கர் வாங்குற யோக்கியதை இருக்கறவன் இப்படிச் செய்ய மாட்டான்.

கோப்புக்கட்டு:
அப்பா சார், உங்களுக்கு நடந்தது மோசடி. அதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்ல. அப்படிப் புள்ளைங்களை வேற பள்ளிப் பதிவேட்டுல ஏத்தச் சொன்ன ரெண்டு தாளாளர்களை வாசலோட அனுப்பியிருக்கேன். ஒண்ணு தெரிஞ்சுக்குங்க, டிசி இல்லன்னாலும் அரசுப் பள்ளியில வயசுக்கேத்த வகுப்புல சேத்துக்கணும், அதே 2009 சட்டம் சொல்லுது. பையனை அலைய விடாதீங்க.

ஆனா வைகைக்கரைக்கு ஒரு கேள்வி. நிலம் பெருசா இருக்கறவன் யோக்கியனா? 2012ல தாம்பரம் பக்கம் பள்ளிக்கூட பஸ்ஸோட ஓட்டை வழியா ஒரு சின்னப் பொண்ணு விழுந்து செத்துச்சே, அது குடிசைக்குள்ள நடந்த பள்ளியா?

மூணாங்கிளாஸ் டீச்சர்:
பஸ்ஸை ஏன் சார் இங்க இழுக்குறீங்க? எங்க சம்பளத்தைப் பத்தி யாராச்சும் பேசுங்க. ஆய்வு அன்னிக்கு மட்டும் பி.எட். முடிச்ச வெளி டீச்சரை வரவழைச்சு என் நாற்காலியில உக்கார வச்சாங்க. நான் ஸ்டோர் ரூம்ல இருந்தேன். என் வகுப்புப் புள்ளைங்க கதவுப் பக்கமே பார்த்துட்டு இருந்துச்சுங்க. எனக்கு மாசம் 7,000. இதுல தீர வேண்டியது மூணு ஏக்கரா?

வைகைக்கரை:
மேடம், மூணு ஏக்கர் வாங்க முடியாதவன்தான் 7,000 குடுக்குறான்.

மூணாங்கிளாஸ் டீச்சர்:
இப்ப நான் இருக்கறது அஞ்சு ஏக்கர் பள்ளி சார். 7,500.

அளவுநாடா:
500 ரூபாய்க்கு ரெண்டு ஏக்கர் சேத்தி.

கோப்புக்கட்டு:
டீச்சர் சொன்னதுக்கு அப்புறம் நான் எழுத வேண்டியதில்ல, ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும். போன வருஷம் ஒரு ஓட்டு வீட்டுப் பள்ளி. 86 புள்ளைங்க. தீயணைப்பு நிலைய அலுவலர் ஆய்வுக்கு வந்தார். செவுத்துல மாட்டியிருந்த சிவப்பு சிலிண்டரைத் திருப்பி, லேபிள் மேல இருந்த தூசியைக் கட்டை விரலால துடைச்சுப் பார்த்தார். ரீஃபில் தேதி போயி ரெண்டு மாசம். தாளாளரம்மாவுக்கு முகம் வெளுத்துப்போச்சு. அவர் ஆயாவைக் கூப்பிட்டு, "இதை எப்படி இயக்குவீங்க, காட்டுங்க"ன்னார். ஆயா சிலிண்டரைக் கீழ வச்சு பின்னைத் தேடுறாங்க, தெரியல. அவர் கோவப்படல. மத்த டீச்சர்களையும் கூப்பிட்டு வெளியில நிறுத்தி, பின்னை எடு, தீயோட அடியைக் குறி வை, பிடியை அழுத்துன்னு ஒரு மணி நேரம் சொல்லிக் குடுத்தார். மணல் வாளி எங்க தொங்கணும், எந்த ஜன்னல் கம்பியைக் கழட்டி வழியாக்கணும், எல்லாம் சாக்பீஸ்ல குறிச்சார். பதினஞ்சு நாள் டைம் குடுத்தார். சரி பண்ணினாங்க. சான்று வந்துச்சு. நான் கேக்குற உதவி அதுதான். விதியைத் தளர்த்தச் சொல்லல. சொல்லிக் குடுங்க, டைம் குடுங்க, எல்லாச் சான்றும் ஒரே எடத்துல ஒரே தேதிக்கு வர மாதிரி பண்ணுங்கன்னுதான் சொல்றேன்.

அந்தப் பள்ளி இன்னிக்கும் அங்கீகாரம் இல்லாம நிக்குது. தீயினால இல்ல. நிலத்தினால.

வைகைக்கரை:
ஆக நிலம் இல்ல. அப்ப நான் சொன்னது சரி.

பழைய கண்காணிப்பாளர்:
நிலம் இல்லை என்று 746 பள்ளிகளுக்குத் தற்காலிக அங்கீகாரம் கொடுத்து, 2016 வரை நீட்டிப்பு மேல் நீட்டிப்பு கொடுத்தார்களே, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போயிற்றே, மறந்துவிட்டதா? அவகாசம் கேட்டவர்களுக்கு அவகாசம் கொடுத்தாயிற்று. எத்தனை காலம் கொடுப்பது?

கோப்புக்கட்டு:
அந்த 746லயும் பக்கத்து வீட்டுக்காரன் நிலத்தை விக்காததால மாட்டினவங்க எத்தனை பேருன்னு யாராவது கேட்டாங்களா? பத்து வருஷம் அவகாசம் குடுத்தா பூமி விரியுமா ஐயா?

குடந்தைக்காரன்:
விரியாது. அதனால பள்ளிக்கூடம் வைக்காதீங்க.

ரெண்டு புள்ளைங்க அப்பா:
ஒரு நேரான கேள்வி, கோப்புக்கட்டு. ஒரு கோப்புக்கு எவ்வளவு வாங்குறீங்க?

வைகைக்கரை:
ஆமா, அதைச் சொல்லுங்க. புரோக்கருக்கு வலிக்கறதுல ஆச்சரியம் இல்ல.

கோப்புக்கட்டு:
புரோக்கர்னு சொன்னதுக்கு நீங்க வருத்தம் தெரிவிக்கணும். நகல் செலவு, பஸ் செலவு, இன்ஜினியர் ஃபீஸ் போக எனக்கு எவ்வளவுன்னு ரசீது குடுத்துத்தான் வாங்குறேன். நூறு புள்ளைங்களுக்குக் கம்மியான பள்ளின்னா அதுவும் இல்ல. ஏழைப் புள்ளைங்களுக்கு இலவசமா ஒதுக்கற 25 சதவீத இடத்துக்கு அரசு தர வேண்டிய பணமே வருஷக்கணக்குல இழுத்தடிச்சு வர்ற பள்ளிகள்ட்ட என்னத்தைக் கறக்க?

வைகைக்கரை:
தொகையைச் சொல்லல.

கோப்புக்கட்டு:
நீங்க மூணு ஏக்கருக்குக் காரணம் சொல்லல.

அளவுநாடா:
வைகைக்கரை, உங்க ஊர்ல மூணு ஏக்கர் இருக்குன்னு ஆரம்பத்துலயே சொன்னீங்களே. எந்த எடம், விலைக்கு வருமா? கோப்புக்கட்டு அண்ணனோட ஓட்டு வீட்டுப் பள்ளிக்காகக் கேக்குறேன்.

வைகைக்கரை:
அது எங்க குடும்பச் சொத்து. விக்கறதுக்கு இல்ல.

கோப்புக்கட்டு:
இதைத்தான் சார் 14 வருஷமா ஊர் ஊராக் கேட்டுட்டு வர்றேன்.

வைகைக்கரை:
என் நிலத்தைப் பத்தி நீங்க பேச வேண்டாம். அரசாணையைப் பத்திப் பேசுங்க. கிராம ஊராட்சிக்கு மூணு ஏக்கர்.

மூணாங்கிளாஸ் டீச்சர்:
நர்சரியா மெட்ரிக்கான்னு நான் கேட்டதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.