ராக்பாக்ஸ் போட்ட ஐபாடில் ஃப்ளாக்: சில ஆல்பங்கள் மட்டும் அறுந்து அறுந்து ஒலிக்கின்றன

சுருதிப்பெட்டி (கேள்வி)

வணக்கம். என்னிடம் 2006-இல் வெளிவந்த 80 ஜிபி ஐபாட் வீடியோ இருக்கிறது. ஆப்பிளின் சொந்த ஃபர்ம்வேர் (கருவியை இயக்கும் உள்மென்பொருள்) ஃப்ளாக் கோப்புகளை, அதாவது தரம் குறையாமல் சுருக்கிய ஒலிக்கோப்புகளை, ஏற்காது என்பதால் அதில் ராக்பாக்ஸ் என்ற மாற்று ஃபர்ம்வேரை நிறுவியிருக்கிறேன். உள்ளே இருப்பது பழைய ஹார்டு டிஸ்க்தான். மெமரி கார்டுக்கு மாற்றவில்லை. வீட்டிலுள்ள கர்நாடக இசைக் கச்சேரி சிடிக்களை ஒவ்வொன்றாக ஃப்ளாக்காக மாற்றி ஏற்றி வருகிறேன். அவை எல்லாம் தொந்தரவில்லாமல் ஒலிக்கின்றன. ஆனால் இணையத்தில் விலை கொடுத்து வாங்கிய, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் (சிடியைவிட உயர்ந்த தரம்) என்று குறிப்பிட்டிருந்த சில ஆல்பங்கள் நடுநடுவே அரை நொடி அறுந்து, பிறகு தொடர்கின்றன. ஈக்வலைசரைப் போட்டால் இன்னும் மோசமாகிறது. அந்த நேரத்தில் சக்கரத்தைச் சுற்றினாலும் மெனு தாமதமாகத்தான் நகர்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு சிடியில் ராகம், தானம், பல்லவி மூன்றையும் தனித்தனி ட்ராக்காகப் பிரித்திருக்கிறார்கள். தானம் முடிந்து பல்லவி எடுக்கும் இடத்தில், தம்புரா ஒலித்துக்கொண்டிருக்கும்போதே, சட்டென்று ஒரு வெற்று மௌனம் வருகிறது. வேறு சிடிக்களில் இப்படி இல்லை.

எல்லாவற்றையும் ஆப்பிள் லாஸ்லெஸ் வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு பழைய ஃபர்ம்வேருக்கே திரும்பிவிடலாமா, அல்லது ராக்பாக்ஸிலேயே இவற்றைச் சரிசெய்ய வழி இருக்கிறதா என்று தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மரப்பலகை

முதலில் அறுந்து ஒலிப்பதைப் பார்ப்போம். ஃப்ளாக் என்பது சுருக்குவதற்குத்தான் உழைப்பு கேட்கும் வடிவம். விரிப்பதற்கு மிகக் குறைந்த கணக்கே போதும். ஒவ்வொரு சாம்பிளும் (ஒலி அலையின் ஒரு கண அளவீடு) என்னவாக இருக்கும் என்று அதற்கு முந்தைய சாம்பிள்களைக் கொண்டு ஊகித்து, ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அது சேமிக்கிறது. இந்தக் கணக்கு முழுவதும் முழு எண்களில் நடப்பதால், தசமக் கணக்குக்கென்று தனி வன்பொருள் இல்லாத உங்கள் ஐபாடின் ஏஆர்எம் சிப்புக்கு அது பெரிய சுமை இல்லை. சுருக்க அளவு 5-இல் வைத்தாலும் 8-இல் வைத்தாலும் விரிக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். இதே ஐபாடில் மங்கீஸ் ஆடியோ வடிவத்தை உயர்ந்த சுருக்கத்தில் போட்டுப் பார்த்தால் வேறுபாடு புரியும். அதில் சுருக்குவதற்கு ஆகும் உழைப்பு விரிப்பதற்கும் ஆகும் என்பதால் பிளேயர் திணறிவிடும்.

ஆனால் இந்தச் சலுகை சிடி தரத்துக்கு மட்டும் முழுதாகப் பொருந்தும். சிடியில் ஒரு நொடிக்கு 1411 கிலோபிட் தகவல் இருக்கிறது என்றால், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் அது 4608 கிலோபிட். மூன்று மடங்குக்கும் மேல். அத்துடன் 24 பிட் சாம்பிள்களைப் பெருக்கிக் கூட்டும்போது இடைத்தொகை 32 பிட்டுக்குள் அடங்காமல் போகும். அப்படிப்பட்ட இடங்களில் ராக்பாக்ஸின் டிகோடர் (கோப்பை விரிக்கும் பகுதி), இந்தச் சிப்புக்கென்றே எழுதப்பட்ட வேகமான வழியை விட்டுவிட்டு, 64 பிட் கணக்கில் மெதுவாகச் செல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் ஐபாடில் இருக்கும் இந்தப் போர்ட்டல்பிளேயர் சிப் சாதாரண நேரத்தில் 30 மெகாஹெர்ட்சிலும், தேவைப்படும்போது 80 மெகாஹெர்ட்சிலும் ஓடும். சிஸ்டம் மெனுவுக்குள் டீபக் பகுதியில் ஆடியோ பஃபரைக் காட்டும் திரை ஒன்று உண்டு. சிடியிலிருந்து எடுத்த பாட்டு ஒலிக்கும்போது அதைத் திறந்து, சிப் எத்தனை விழுக்காடு நேரம் உயர்வேகத்தில் இருக்கிறது என்ற எண்ணைப் பாருங்கள். பிறகு அறுபடும் ஆல்பத்தைப் போட்டு அதே எண்ணைப் பாருங்கள். அது 100-ஐ ஒட்டியே நின்று, பிசிஎம் பஃபரை (விரித்து முடித்து ஒலிக்கக் காத்திருக்கும் ஒலியின் இருப்பு) காட்டும் கோடு வற்றிக்கொண்டே போனால் காரணம் இதுதான். ஈக்வலைசரும் அதே சிப்பில்தான் ஓடுகிறது என்பதால், அதைப் போட்டவுடன் நிலைமை மோசமாவதில் வியப்பில்லை.

இவ்வளவு பாடுபட்டும் பயன் ஒன்றுமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்த ஐபாடில் ராக்பாக்ஸ் ஒலியை 16 பிட், 44.1 கிலோஹெர்ட்சில்தான் வெளியே விடுகிறது. நீங்கள் 96 கிலோஹெர்ட்ஸ் கொடுத்தால் அதை ஓடும்போதே எளிய முறையில் 44.1-க்கு இறக்கிவிடும். அந்த வேலையைக் கணினியில் சாக்ஸ் போன்ற மென்பொருளிடம் விட்டால், நிதானமாக, நல்ல வடிகட்டியுடன், 16 பிட்டுக்கு இறக்கும்போது டிதர் (சிதைவை மறைக்கும் மெல்லிய இரைச்சல்) சேர்த்துச் செய்து தரும். வாங்கிய மூலக்கோப்புகளைக் கணினியில் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்; ஐபாடுக்கு மட்டும் 16 பிட், 44.1 பிரதி எடுத்து ஏற்றுங்கள். அறுபடுவது நிற்கும், இடமும் மிச்சமாகும்.

ஆப்பிள் லாஸ்லெஸுக்கு மாறுவதில் தர இழப்பு ஏதும் இல்லை; இரண்டுமே மூல சாம்பிள்களை அப்படியே திருப்பித் தருபவை. ராக்பாக்ஸும் அதை ஏற்கும். ஆயினும் நான் ஃப்ளாக்கை விடமாட்டேன். விரிக்கப்பட்ட ஒலியின் எம்டி5 கையொப்பம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்) ஒவ்வொரு ஃப்ளாக் கோப்பின் தலைப்பகுதியிலேயே இருக்கிறது. பத்து ஆண்டு கழித்து ஒரு பழைய டிஸ்க்கிலிருந்து எடுத்தாலும், கோப்பு கெட்டிருக்கிறதா இல்லையா என்று ஒரே கட்டளையில் சோதித்துவிடலாம். சேமிப்புக்காக சிடி மாற்றுகிறவர்களுக்கு இது சிறிய விஷயம் அல்ல. மேலும், பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்ப எதையும் அழிக்க வேண்டியதில்லை. ஐபாடை ரீசெட் செய்தவுடன் ஹோல்டு பொத்தானைத் தள்ளி வைத்தால் ஆப்பிளின் ஃபர்ம்வேரே எழும்.

தனிஆவர்த்தனம்

மௌனம் பற்றி மட்டும் சொல்கிறேன். எம்பி3-இல் சுருக்கும்போதே கோப்பின் முன்னும் பின்னும் சிறிது வெற்றொலி சேர்ந்துவிடும்; ஃப்ளாக்கில் அந்தப் பிரச்சினையே கிடையாது. ராக்பாக்ஸும் ஒரு ட்ராக்கின் கடைசி சாம்பிளை அடுத்த ட்ராக்கின் முதல் சாம்பிளோடு இடைவெளியின்றி ஒட்டித்தான் ஒலிக்கும். மற்ற சிடிக்களில் சிக்கல் இல்லை என்கிறீர்கள். எனவே பிளேயரைச் சந்தேகிக்க இடமில்லை, சிடியிலிருந்து எடுத்த விதத்தைத்தான் பார்க்க வேண்டும். அந்தக் கோப்புகளைக் கணினியில் ஒலிக்கவிட்டாலும் அதே இடத்தில் மௌனம் வருகிறதா?

சில சிடிக்களில் இரண்டு ட்ராக்குகளுக்கு நடுவே முன்னிடைவெளி என்றொரு பகுதி இருக்கும். கச்சேரிப் பதிவுகளில் அது வெற்றிடம் அல்ல. தம்புராவும் கைதட்டலும் அதற்குள்தான் இருக்கும். அதை முந்தைய ட்ராக்கின் வாலில் சேர்க்கும்படி மென்பொருளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அது விடுபட்டாலோ, அதற்குப் பதிலாக வெற்றொலி நிரப்பப்பட்டாலோ நீங்கள் சொல்லும் விளைவுதான் வரும். சிடியிலிருந்து பாட்டெடுக்கும் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மென்பொருளில் இதற்கான தேர்வு இருக்கிறது. அந்த ஒரு சிடியை மட்டும் மறுபடி எடுத்துப் பாருங்கள்.

சுருதிப்பெட்டி

இருவருக்கும் மிக்க நன்றி. டீபக் திரையில் மரப்பலகை சொன்னபடியே எண் 100-ஐ விட்டு இறங்கவில்லை, 44.1-க்கு இறக்கிய பிரதி சீராக ஒலிக்கிறது. பல்லவிச் சிடியின் கோப்புகளில் கணினியிலும் அதே இடத்தில் மௌனம் இருந்தது. முன்னிடைவெளியைச் சேர்த்து மறுபடி எடுத்த பிறகு தம்புரா அறுபடவில்லை.

மேலும் இரண்டு ஐயங்கள். எம்பி3 கேட்டபோது இருந்ததைவிட ஃப்ளாக் கேட்கும்போது பேட்டரி விரைவாக இறங்குகிறது, இது இயல்பா? சிடிக்குச் சிடி ஒலியளவு வேறுபடுவதற்கு என்ன செய்வது?

மரப்பலகை

இயல்புதான், ஆனால் காரணம் டிகோடர் அல்ல; ஹார்டு டிஸ்க். உங்கள் 80 ஜிபி மாடலில் 64 எம்பி நினைவகம் இருக்கிறது. ராக்பாக்ஸ் அதன் பெரும்பகுதியைப் பாட்டால் நிரப்பிவிட்டு டிஸ்க்கை உறங்க வைக்கும். 192 கிலோபிட் எம்பி3 என்றால் ஒரு நிரப்பலில் 40 நிமிடம்வரை ஓடும். சிடி தர ஃப்ளாக் நிமிடத்துக்கு 6 எம்பி அளவுக்கு வாங்கும் என்பதால் 10 நிமிடத்துக்குள்ளாகவே டிஸ்க் மறுபடி சுழன்றாக வேண்டும். 40 நிமிடப் பல்லவி ஒன்றைக் கேட்டு முடிப்பதற்குள் டிஸ்க் நான்கைந்து முறை எழுந்திருக்கும். காதருகே வைத்தால் அந்தச் சன்னமான சுழலொலி கேட்கும். மெமரி கார்டு அடாப்டருக்கு மாறினால் இந்தச் செலவு பெருமளவு குறையும்.

ஒலியளவைச் சமன்செய்ய ரீப்ளேகெயின் என்ற வசதி இருக்கிறது. கணினியில் மெட்டாஃப்ளாக் என்ற கருவி கொண்டு ஒவ்வொரு ஆல்பத்துக்கும் அளந்து டேக்கில் எழுதிவிடுங்கள். சாம்பிள்களில் அது கை வைக்காது. பிளேயரில் ட்ராக் கெயின் வேண்டாம், ஆல்பம் கெயினைத் தேர்ந்தெடுங்கள். ட்ராக் கெயினில் மெதுவாகத் தொடங்கும் ஆலாபனையும் தனி ஆவர்த்தனமும் ஒரே உரத்துக்கு வந்துவிடும். கச்சேரி கேட்பவர் யாரும் அதை விரும்பமாட்டார். உச்ச ஒலி சிதையாமல் தடுக்கும் தேர்வையும் அங்கேயே போட்டுவிடலாம்.

தனிஆவர்த்தனம்

முழுக் கச்சேரியையும் ஒரே ஃப்ளாக் கோப்பாக வைத்து, அதே பெயரில் க்யூ கோப்பு (ட்ராக்குகள் தொடங்கும் இடங்களின் பட்டியல்) ஒன்றைச் சேர்த்தும் வைக்கலாம். அமைப்புகளில் க்யூ ஆதரவை இயக்கிவிட்டால் ட்ராக் ட்ராக்காகத் தாவ முடியும். எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்று மென்பொருள் கொண்டு உருவாக்கிய ஃப்ளாக்கில், கோப்பின் நடுவில் தாவ உதவும் தேடல் அட்டவணை இருக்காது. நீளமான கோப்பில் முன்னே ஓட்டும்போது பிளேயர் இடத்தைத் தேடித் தடவிக்கொண்டிருக்கும். மெட்டாஃப்ளாக்கில் 10 நொடிக்கு ஒரு தேடல் புள்ளி சேர்த்துவிடுங்கள். க்யூ கோப்பில் தலைப்புகளை ஆங்கில எழுத்திலேயே எழுதுவது நல்லது. தமிழ் எழுத்துள்ள ஃபான்ட்டைப் போட்டாலும் ராக்பாக்ஸ் கொம்பை எழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிடும். கல்யாணி சமாளித்துவிடும், பைரவியும் கேதாரமும் அடையாளம் தெரியாமல் போய்விடும்.