‘விலங்குப் பண்ணை’யில் நெப்போலியனின் ஆட்சி எதில் தங்கியிருக்கிறது?

கொக்குவில் வாசகி:

வணக்கம். நல்லூரில் கூடும் எங்கள் வாசிப்பு வட்டம் இம்மாதம் ஜோர்ஜ் ஓர்வெலின் ‘விலங்குப் பண்ணை’யை எடுத்துக்கொண்டது. 1945 இல் வெளிவந்த இந்நாவல் ஸ்ராலின் காலத்துச் சோவியத் ஒன்றியத்தின் உருவகம் என்பதில் எவருக்கும் ஐயமிருக்கவில்லை. நெப்போலியன் யாரைக் குறிக்கிறான், அவன் துரத்திய சக பன்றி ஸ்னோபோல் யாரைக் குறிக்கிறான் என்பதையெல்லாம் விரைவிலேயே பேசி முடித்துவிட்டோம். கருத்து வேறுபட்டது வேறோர் இடத்தில். பண்ணையாளர் ஜோன்ஸை ஒரே நாளில் விரட்டிய அதே விலங்குகள், நெப்போலியன் என்ற பன்றியை ஆண்டுக்கணக்காகச் சகித்துக்கொண்டிருப்பது எதனால்? அவன் வளர்த்த ஒன்பது நாய்களே காரணம் என்றனர் ஒரு சாரார். அவனுக்காகப் பேசும் பன்றியான, கறுப்பை வெள்ளையாக்க வல்ல ஸ்குவீலரின் நாக்கே காரணம் என்றனர் மறு சாரார். எனக்கு இரண்டுமே போதாதவையாகத் தோன்றுகின்றன. ஒரு பண்ணை முழுவதையும் அடக்க ஒன்பது நாய்கள் எம்மட்டு? ஸ்குவீலரின் பொய்களோ சில வேளைகளில் அந்த விலங்குகளுக்கே நெருடுகின்றன. அடுத்த சந்திப்பில் இதைப் பற்றி நான் கட்டுரை வாசிக்க வேண்டியுள்ளதால், நாவலை ஊன்றிப் படித்தவர்கள் உதவினால் நன்றியுடையவளாவேன்.

வடமராட்சியான்:

தங்கச்சி, நாய்களை அவ்வளவு விரைவாகத் தள்ளிவிட வேண்டாம். ஸ்னோபோல் முன்வைத்த காற்றாலையைக் கட்டுவதா வேண்டாமா என்று வாக்கெடுக்கக் கூடிய அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். நெப்போலியன் 30 விநாடி அளவே பேசிவிட்டு அமர்ந்துவிடுகிறான். அதன் பின்னர் ஸ்னோபோல் எழுந்து ஆற்றும் உரையில் கூட்டம் முழுவதும் அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறது. வாக்கெடுப்பு நடந்திருந்தால் நெப்போலியன் தோற்றிருப்பான். சரியாக அந்த வேளையில் அவன் எழுப்பும் ஒரு கீச்சுக் குரலுக்கு நாய்கள் பாய்ந்து வருகின்றன, ஸ்னோபோல் உயிர் தப்பி ஓடுகிறான், ஞாயிற்றுக்கிழமை விவாதங்களுக்கும் அன்றோடு முடிவு கட்டப்படுகிறது. ஸ்குவீலர் விளக்கம் சொல்ல வருவதெல்லாம் இதற்குப் பிறகுதான். அப்போதும் அவனோடு வந்த மூன்று நாய்கள் உறுமிய உறுமலில்தான், மேற்கொண்டு எதுவும் கேட்காமல் அவனது விளக்கத்தை மற்றவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

அந்த நாய்கள் எப்படிக் கிடைத்தன என்பதையும் கட்டுரையில் சேருங்கள். பால் மறந்த குட்டிகளை, அவற்றின் கல்விக்குத் தானே பொறுப்பு என்று கூறி, எல்லோரும் பார்த்திருக்கவே நெப்போலியன் எடுத்துப்போய்ப் பரணில் வைத்து வளர்த்தான். சில காலத்தில் பண்ணையே அவற்றை மறந்துவிட்டது. ஸ்னோபோல் குழுவுக்கு மேல் குழுவாக அமைத்து வளர்ந்தவர்களைத் திருத்த முயன்றுகொண்டிருந்த காலம் அது. பொதுவாழ்வில் நல்லவர்கள் குழு அமைப்பதில் காட்டும் ஆர்வத்தை ஓர்வெல் சற்று நக்கலாகவே எழுதியிருக்கிறார் என்பது என் எண்ணம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், சுன்னாகம்:

பிள்ளை, உம்முடைய ஐயம் நியாயமானது. வடமராட்சித் தம்பி காட்டிய கூட்டத்தில் நாய்கள் வென்றது உண்மை. ஆனால் அதே நாய்கள் தோற்ற இடமும் இந்த நாவலில் உண்டு. வாசகர்கள் பெரும்பாலும் அதைக் கவனியாது கடந்துவிடுகிறார்கள்.

7 ஆம் அத்தியாயத்தில், ‘துரோகி’களைக் கொல்வதற்காக நெப்போலியன் எல்லோரையும் முற்றத்தில் கூட்டுகிறான். நான்கு இளம் பன்றிகள் இழுத்து வரப்பட்ட பின்னர், மூன்று நாய்கள் பொக்சர் என்ற வண்டிக்குதிரையின் மீது பாய்கின்றன. அவன் தன் பெருங்குளம்பை நீட்டி ஒன்றை அந்தரத்திலேயே மடக்கி நிலத்தோடு அழுத்துகிறான். அது உயிருக்கு மன்றாடுகிறது, மற்ற இரண்டும் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடுகின்றன. பண்ணையில் உண்மையான பலம் யாரிடம் உள்ளது என்பது அந்தக் கணத்தில் எல்லோர் கண்முன்னும் வெளிச்சமாகிறது. பொக்சரோ, இதை நசுக்கவா விடவா என்று அறிய நெப்போலியனின் முகத்தைப் பார்க்கிறான். நெப்போலியனுக்கு முகம் மாறுகிறது, விட்டுவிடும்படி அதட்டுகிறான், பொக்சரும் குளம்பைத் தூக்கிவிடுகிறான். அதன் பின்னரே கொலைகள் தொடங்குகின்றன. உம்முடைய கேள்விக்கு விடை பொக்சரின் அந்தப் பார்வையில் இருக்கிறது என்பேன். நாய்களைக் கொண்டு அடக்க முடியாத ஒருவனை, அவனே கேட்டுப் பெற்ற கட்டளையால் நெப்போலியன் அடக்குகிறான்.

அந்தப் பார்வை ஒரு நாளில் உண்டானதன்று. அதற்குச் சில நாட்களுக்கு முன், ஜோன்ஸ் பண்ணையை மீட்க வந்தபோது நடந்த மாட்டுத் தொழுவச் சண்டையில் ஸ்னோபோல் காயப்பட்டதைத் தன் கண்ணால் கண்டதாக, ஸ்னோபோல் தொடக்கம் முதலே துரோகி என்ற ஸ்குவீலரோடு பொக்சர் வாதிட்டிருந்தான். ஸ்குவீலரின் ஆதாரங்கள் எவையும் அவனிடம் எடுபடவில்லை. நெப்போலியனே சொல்லிவிட்டார் என்றதும், அப்படியானால் சரியாகத்தான் இருக்கும் என்று அடங்கிவிடுகிறான். ஆகவே பொய்யை நம்பவைப்பதைவிட, தீர்ப்புச் சொல்லும் உரிமையை ஒவ்வொருவரிடமிருந்தும் எழுதி வாங்குவதே ஸ்குவீலரின் முதன்மையான தொழில் என நினைக்கிறேன்.

அதற்கான முதல் விட்டுக்கொடுப்பு நாய்கள் வளர்வதற்கு முன்பே நடந்துவிட்டது. பாலும் அப்பிள்களும் பன்றிகளுக்கே உரியவை என்று முடிவானபோது ஸ்னோபோலும் அதற்கு உடன்பட்டிருந்தான். ஜோன்ஸ் திரும்பி வருவதையா விரும்புகிறீர்கள் என்ற கேள்வி முதன்முதலில் எழுப்பப்பட்டதும் அங்கேதான். களைப்பையும் மறந்துவிடாதீர். வாரத்துக்கு 60 மணிநேர உழைப்பு, அதற்கு மேல் ஞாயிறு பிற்பகல் வேலை. அது அவரவர் விருப்பம் என்று அறிவித்துவிட்டு, வராதவர்களுக்குப் பங்கீட்டைப் பாதியாக்குகிறார்கள். தொண்ணூறுகளில் சங்கக்கடை வரிசையில் நின்ற எங்கள் தலைமுறைக்கு, பங்கீட்டைக் கையில் வைத்திருப்பவனின் பலத்தைப் பற்றி விளக்கவுரை தேவைப்படாது.

உயர்தர மாணவன், தெல்லிப்பழை:

ஆசிரியர் ஐயா எடுத்துக்காட்டிய காட்சியை ஏற்கிறேன். எனினும் சுமை முழுவதையும் பொக்சரின் முதுகில் ஏற்றுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. எதிர்த்தவர்களும் இருந்தார்கள். முட்டைகளை விற்க நெப்போலியன் ஒப்பந்தம் செய்தபோது, கோழிகள் கூரை வளைகளில் ஏறி முட்டையிட்டு அவற்றைக் கீழே விழுத்தி உடைத்தன. அவன் அவற்றின் தீனியை நிறுத்தி, ஒரு தானியமணி கொடுப்பவருக்கும் மரண தண்டனை என்று அறிவித்தான். கோழிகள் ஐந்து நாட்கள் தாக்குப்பிடித்தன. ஒன்பது கோழிகள் இறந்தன. நோயால் இறந்தன என்று சொல்லப்பட்டது. அந்த ஐந்து நாட்களும் குதிரைகளும் பசுக்களும் செம்மறிகளும் என்ன செய்தன என்பதைப் பற்றி ஓர்வெல் ஒரு வரிகூட எழுதவில்லை. பாதிக்கப்படுபவர்கள் ஒவ்வொரு முறையும் வேறு கூட்டத்தினராக இருப்பதும் நெப்போலியனுக்கு வாய்ப்பாகிறது.

கழுதை பெஞ்சமினையும் கேள்வி கேட்க வேண்டும். பன்றிகளுக்கு நிகராக வாசிக்கத் தெரிந்த அவன், சுவரில் எழுதியிருந்த பண்ணைக் கட்டளைகளில் மாற்றி எழுதப்பட்ட ஒன்றை வாசித்துக் காட்டும்படி பெண்குதிரை குளோவர் கேட்டபோது மறுத்துவிட்டான். பொக்சரை ஏற்றிய வண்டி குதிரை அறுப்பவனுடையது என்பதை உரத்து வாசிக்கிறான். அதற்குள் வண்டி புறப்பட்டுவிடுகிறது. ஒரு காலத்தில் சில உதைகளிலேயே அந்த வண்டியைச் சிதறடித்திருக்கக் கூடிய பொக்சரிடம் அப்போது அந்த வலுவும் இல்லை.

வடமராட்சியான்:

தம்பி, கோழிகளுக்குத் தானியம் போகாமல் பார்த்துக்கொண்டவர்கள் யார்? நாய்கள்தான். அயலவர்கள் உதவவில்லை என்று குறை சொல்வதற்கு முன், உதவியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதையும் எண்ண வேண்டும். மற்றபடி பெஞ்சமினைப் பற்றி நீர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை.

கொக்குவில் வாசகி:

அனைவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னவற்றை வைத்துக்கொண்டு 7 ஆம் அத்தியாயத்தை மீண்டும் படித்தபோது, கோழிகளின் எதிர்ப்பும் பொக்சரின் குளம்பும் ஒரே கதையின் இரண்டு முனைகள் என்பது தெரிந்தது. குளம்பு தூக்கப்பட்ட பின்னர் கொல்லப்படுபவர்களில், முட்டைப் போராட்டத்தை முன்னின்று நடத்திய மூன்று கோழிகளும் இருக்கின்றன. நெப்போலியனின் முகத்தைப் பார்க்காமல் பொக்சர் அந்த நாயை நசுக்கியிருந்தால் அவை தப்பியிருக்குமா என்பதை வட்டத்தின் முன் கேள்வியாகவே வைக்கப்போகிறேன். கட்டுரைக்கு முன் அந்த அத்தியாயத்தை ஒருவர் முழுமையாக உரத்து வாசிக்கவும் ஏற்பாடு செய்கிறேன்.